மணலைக் கண்ணாக்கியவர்: ஆத்மாராமின் வாழ்க்கையும் எமது மணலும்

நான் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பழைய நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. பித்தளை உடம்பு துடைத்தால் பளபளக்கும். ஆனால் வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. கல்முனைக் கரையோரத்தின் உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் இது புதுமையல்ல. கொழும்பில் விசாரித்தபோது, அந்த ஒரு வில்லையை மாற்றுவதைவிட புதிய கருவி வாங்குவதே இலாபம் என்றார்கள். புதிய கருவிக்குப் பாடசாலையிடம் பணமில்லை. கருவி அலுமாரிக்குள் போய்விட்டது.

அதே வாரத்தில்தான் கண்ணாடி மணலிலிருந்து செய்யப்படுகிறது என்ற பாடத்தை நடத்தியிருந்தேன். சாளரத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். இவ்வளவு மணலை வைத்துக்கொண்டு அந்தச் சிறு துண்டை நாமே செய்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில், கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த கலாநிதி ஆத்மாராம் என்ற இரசாயனவியலாளரின் வாழ்க்கையில் இருக்கிறது என்பதைப் பல வருடங்கள் கழித்தே அறிந்தேன்.

அவரிடம் போகுமுன் எம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளியியல் என்றதும் இப்னுல் ஹைதமின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எமது மேடை வழக்கம். பெருமைக்கு உரியவர்தான், சந்தேகமில்லை. ஆயிரம் வருடங்களுக்கு முன் கெய்ரோவில் இருந்துகொண்டு, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்பதைப் பரிசோதனைகளோடு நிறுவியவர் அவர். அவருக்கு முந்நூறு வருடங்களுக்குப் பின் வந்த பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்-பாரிஸி, மழைத்துளிக்குள் ஒளி எவ்வாறு முறிந்து வானவில்லாகிறது என்று ஆராய, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளமொன்றைப் பயன்படுத்தினார். எமது சொற்பொழிவுகள் இந்த அறிவோடு நின்றுவிடும். கண்ணாடியை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி எழுவதேயில்லை.

தமிழ் மண்ணிலிருந்து போன முஸ்லிம் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். ஆற்காட்டைச் சேர்ந்த செய்யித் மீர் முஹ்ஸின் ஹுசைன் சென்னையில் நகை, கடிகாரம் போன்ற நுண்வேலைகளில் கைதேர்ந்தவராக இருந்தவர். 1820களில் இந்திய நில அளவைத் துறையினர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றனர். இங்கிலாந்திலிருந்து வந்து பழுதாகிக் கிடந்த அளவைக் கருவிகளை அவர் சீர்செய்தார். ஜோர்ஜ் எவரெஸ்ட்டின் பெரிய தியோடலைற்றுகள் அவருடைய கைபட்டே மீண்டும் வேலை செய்தன. எவரெஸ்ட்டின் சிபாரிசின்பேரில் 1843இல் கணிதக் கருவிகள் செய்யும் பொறுப்பு, அதுவரை ஐரோப்பியர் வகித்த பதவி, அவருக்குக் கிடைத்தது. பித்தளையில் அவரால் செய்ய முடியாதது எதுவும் இருக்கவில்லை. ஆனால் தொலைகாட்டியின் வில்லைக்கான கண்ணாடி மட்டும் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. அவருடைய காலத்துக்குப் பின்னரும் ஒரு நூற்றாண்டு வரை இந்தியாவின் நிலை அதுவாகவே இருந்தது.

கண்ணாடி வளையல், போத்தல், விளக்குச் சிமினி எல்லாம் இந்தியாவில் தாராளமாகச் செய்யப்பட்ட காலம் அது. அப்படியிருக்க வில்லைக் கண்ணாடி மட்டும் ஏன் முடியாமற்போனது? நோன்பு திறக்கும் நேரத்தில் சர்பத் கரைப்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் பாணியை ஊற்றியதும் முறுக்கிய நூல்போலக் கோடுகள் நெளியும். தண்ணீரும் தெளிவு, பாணியும் தெளிவு, ஆனாலும் கோடு தெரிகிறது. இரண்டினதும் முறிவுச்சுட்டி வேறு என்பதே காரணம். உருகிய கண்ணாடிக்குள்ளும் இதே கோடுகள் உண்டு. போத்தலில் அவை யாருக்கும் தெரியாது. வில்லையில் ஒரு கோடு இருந்தாலும் உருவம் கலங்கிவிடும். மருதமுனை நெசவாளரிடம் கேட்டால், ஒரு இழை பிசகினால் முழுப் புடவையும் இரண்டாந் தரமாவதைச் சொல்வார்கள். இங்கே பிசகிய இழையை வெட்டி எடுக்கவும் வழியில்லை.

கோடு மட்டுமல்ல பிரச்சினை. மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் கொடுக்கும். சாளரக் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பச்சை தெரியும். வில்லைக்கு உதவும் மணலில் இரும்பு ஒட்சைட்டு நூற்றில் ஒரு பங்கின் நூறில் ஓரிரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. உருக்கும் பானையின் மண் கண்ணாடியில் கரைந்தாலும் குற்றம். குமிழி இருந்தாலும் குற்றம். ஆறும்போது ஒரு பக்கம் முந்தி ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். இத்தனையும் சரியாக வந்தாலும், முறிவுச்சுட்டி நான்காம் தசம தானம் வரை குறித்த எண்ணுக்கு வரவேண்டும். அது பிசகினால் வில்லை வடிவமைத்தவரின் கணக்கெல்லாம் வீண்.

ஆகவேதான் இந்த வித்தை நெடுங்காலம் சில கைகளுக்குள்ளேயே இருந்தது. சுவிட்சர்லாந்தின் குய்னாந்த் என்ற கைவினைஞர், உருகிய கண்ணாடியைச் சுட்ட களிமண் கோலால் கலக்கிக்கொண்டே இருந்தால் கோடுகள் மறையும் என்று பல வருட முயற்சியில் கண்டுகொண்டார். அவரிடமிருந்து அது ஜெர்மனிக்குப் போனது. 1884இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஒட்டோ ஷொட் நிறுவிய தொழிற்கூடம், போரன், பேரியம் போன்றவற்றைச் சேர்த்துப் புதுப்புது வகைகளை உருவாக்கியது. 1914இல் முதலாம் உலக யுத்தம் வெடித்தபோது, பிரித்தானியா தனக்குத் தேவையான ஒளியியல் கண்ணாடியில் பெரும்பகுதியை எதிரியிடமிருந்தே வாங்கிவந்தது என்பது தெரியவந்தது. அமெரிக்கக் கடற்படை தன் மக்களிடம் வீட்டிலுள்ள இருவிழித் தொலைகாட்டிகளை இரவல் கேட்டது. அவ்வளவு பெரிய வல்லரசுகளின் கதியே அது!

ஆத்மாராம் 1908 ஒக்டோபர் 12இல், வட இந்தியாவின் பிஜ்னோர் மாவட்டத்தில் பிலானா என்ற கிராமத்தில், எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். கான்பூரிலும் அலகாபாத்திலும் படித்தார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் அன்று இரசாயனவியலுக்கு நீல்ரத்தன் தாரும் பௌதிகவியலுக்கு மேக்நாத் சாஹாவும் இருந்தார்கள். இப்படிப்பட்ட ஆசிரியர்களிடம் படித்தவர் தாரின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த அலகாபாத்துக்கு அருகில் உள்ள சங்கர்கர்தான் இந்தியக் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன வெள்ளை மணல் கிடைக்கும் இடம். மாணவனாக அவர் அந்த மணலைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரோ என்னவோ, எனக்கு அப்படி நினைத்துப் பார்க்கப் பிடிக்கிறது.

பட்டம் பெற்றபின் அவர் போய்ச் சேர்ந்த இடம் கல்கத்தா. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபின், இறக்குமதி நின்றுபோன பொருட்களை உள்நாட்டில் செய்யும் வழி தேட 1940இல் ஆராய்ச்சிச் சபையொன்று அமைக்கப்பட்டது. அதை நடத்தியவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவருக்குக் கீழ் வேலை செய்த இளைஞர்களில் ஆத்மாராமும் ஒருவர். பல்கலைக்கழகத்துக் கோட்பாட்டு இரசாயனம் போய், இந்தப் பொருள் இல்லை, என்ன செய்யலாம் என்ற தினசரிக் கேள்வி அவருக்கு முன் வந்தது. வாழ்க்கையின் எஞ்சிய காலம் முழுவதும் அவர் இந்தக் கேள்வியை விடவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் சிவப்புக் கண்ணாடி. புகையிரத சமிக்ஞை விளக்குக்கும் வளையலுக்கும் சிவப்பு வேண்டும். அதற்குத் தங்கம் அல்லது செலீனியம் சேர்ப்பது வழக்கம். தங்கத்தின் விலை சொல்லத் தேவையில்லை, செலீனியமோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். செம்பினாலும் சிவப்பு வரும் என்பது பழைய கைவினைஞர்களுக்குத் தெரிந்த விடயம்தான். ஆனால் ஒருநாள் வரும், மறுநாள் ஈரல் நிறமாகிவிடும். ஆத்மாராம் தன் சகாக்களோடு இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். அந்த நிறம் உலோகச் செம்பின் நுண்துகளால் வருகிறதா, செம்பின் ஒட்சைட்டால் வருகிறதா என்ற விவாதத்தில் உலக அறிஞர்களோடு மோதினார். நிறத்தின் காரணம் பிடிபட்டால் அடுப்பை எப்படி நடத்துவது என்பதும் பிடிபடும். மலிவான செம்பு விலையுயர்ந்த செலீனியத்தின் இடத்தைப் பிடிக்கும். மலிவாகச் செய்வது என்பதை நாம் பெரும்பாலும் தரத்தைக் குறைப்பது என்றே விளங்கிக்கொள்கிறோம். அவருடைய வழி வேறு. பணம் செய்யவேண்டிய வேலையை அறிவைக்கொண்டு செய்விப்பது அது. பீகாரின் சுரங்கங்களில் கழிவாகக் குவிந்த மைக்காவிலிருந்து வெப்பம் கடத்தாச் செங்கல் செய்ததும் அவருடைய நிறுவனம்தான்.

அந்த நிறுவனம் கல்கத்தா ஜாதவ்பூரில் உள்ள மத்திய கண்ணாடி மற்றும் வனைபொருள் ஆராய்ச்சி நிலையம். 1950 ஓகஸ்ட்டில் அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1952இல் ஆத்மாராம் அதன் பணிப்பாளரானார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஒளியியல் கண்ணாடியை இந்தியாவிலேயே செய்யும் பொறுப்பு அதன் கைக்கு வந்தது.

அக்காலத்தில் பணக்கார நாடுகள் பிளாட்டினம் பூசிய பாத்திரங்களுக்கும் இயந்திரங்களுக்கும் மாறிக்கொண்டிருந்தன. பிளாட்டினம் கண்ணாடியில் கரையாது, ஆகவே தொல்லை குறைவு. ஆனால் அதன் விலை தங்கத்தோடு போட்டி போடும். ஜாதவ்பூரில் கையிலெடுத்தது பழைய களிமண் பானை முறையை. பானை மலிவு, அதைச் செய்யும் மண் நாட்டிலேயே உண்டு. பிளாட்டினத்துக்குக் கொடுக்காத பணத்துக்குப் பதிலாக இரசாயனவியலும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் கவனிக்கட்டும். முதலில் மணலைக் கழுவி, பருக்கைகளில் ஒட்டியிருக்கும் இரும்பை ஐதரோகுளோரிக் அமிலத்தால் கரைத்து அகற்றுவார்கள். எமது பாடசாலை ஆய்வுகூடங்களில் இருக்கும் அதே அமிலம்தான். பொட்டாசியம், போரன், ஈயம், பேரியம் ஆகியவற்றின் சேர்வைகளையும் அவ்வாறே தூய்மைப்படுத்தி நிறுத்துச் சேர்ப்பார்கள். பானையைத் தனியாகச் சூடாக்கி வெண்சூட்டுக்குக் கொண்டுவந்தபின் கலவையைச் சிறிது சிறிதாக இடுவார்கள். ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸில் அது உருகும். குமிழிகள் மேலெழுந்து போகும்வரை காத்திருந்து, களிமண் கோலை இறக்கி மணிக்கணக்கில் கலக்குவார்கள். வெப்பம் இறங்க இறங்கக் கண்ணாடி தடிக்கும். அதற்கேற்பக் கலக்கும் வேகத்தைக் குறைக்கவேண்டும். சற்று முந்தி நிறுத்தினால் கோடு திரும்ப வரும், பிந்தி நிறுத்தினால் குமிழி புகுந்துவிடும்.

பிறகு பானையை நாட்கணக்கில் ஆறவிடுவார்கள். ஆறும்போது உள்ளேயிருக்கும் கண்ணாடி தானாகவே பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த பானையை உடைத்துத்தான் அதை எடுக்கவேண்டும். ஒரு பானை ஒரு தடவைக்குத்தான். ஒவ்வொரு துண்டையும் ஒளிக்கு எதிரே பிடித்துக் கோடு, குமிழி, கல் தேடுவார்கள். பானையிலிருந்த கண்ணாடியில் பெரும்பகுதி இங்கே கழிபடும். தேறிய துண்டுகளை மீண்டும் இளக்கி அச்சில் வார்த்து, கடைசியாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவைப்பார்கள். நூறு தடவை தோற்றாலும் கோபிக்காத ஆட்கள் இதற்கு வேண்டும். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்கும் அதிகாரி ஒருவர் மேலே இருந்திருந்தால் இந்த வேலை இரண்டாம் வருடத்திலேயே மூடப்பட்டிருக்கும். பணிப்பாளரே அடுப்படியை அறிந்த இரசாயனவியலாளராக இருந்தது இங்கே உதவியது என்பது என் எண்ணம்.

1960களின் தொடக்கத்தில் இந்தியக் கண்ணாடி வில்லைக்குத் தயாராக வெளிவந்தது. அதைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. இங்கேதான் ஆற்காட்டு முஹ்ஸின் ஹுசைனின் கதை மறுபடி வந்து சேர்கிறது. அவர் வேலை செய்த கணிதக் கருவி அலுவலகம் 1957இல் தேசியக் கருவிகள் நிறுவனம் என்ற அரச கம்பனியாக மாறியிருந்தது. அதுவும் அதே ஜாதவ்பூரில். நில அளவைக் கருவியும் நுணுக்குக்காட்டியும் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கும், கண்ணாடி உருக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையில் கடல் இருக்கவில்லை.

1959இல் பத்மஸ்ரீ விருதும் பட்நாகர் பரிசும் ஆத்மாராமுக்குக் கிடைத்தன. 1966இல் ஹைதராபாத் ஆய்வுகூடத்தை வளர்த்த செய்யித் ஹுசைன் ஸஹீருக்குப் பின், இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிப் பேரவை முழுவதற்கும் தலைமைப் பணிப்பாளராகி 1971 வரை இருந்தார். டெல்லியின் அந்தப் பதவிக் காலத்தைவிட அடுப்படிக் காலமே அவருடைய பெயரை நிறுத்தியது. அவர் விட்டுச்சென்ற ஜாதவ்பூர் நிலையம் பிற்காலத்தில் லேசர் கண்ணாடி, அணுசக்திக் கூடங்களில் கதிர்வீச்சைத் தடுக்கும் கனத்த ஈயக் கண்ணாடி என்று மேலே போனது.

இனி எமது மணலுக்கு வருகிறேன். கல்முனைக் கடற்கரை மணலை அள்ளி அப்படியே உருக்கினால் வில்லை வராது. கடல் மணலில் சிப்பித்தூளும் கனிய மணலும் கலந்திருக்கும். அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய முதல் பாதிப் பதில் இது. மறு பாதி, நல்ல மணலும் எமது நாட்டில் உண்டு என்பது. நாத்தாண்டியாவின் வெள்ளைச் சிலிக்கா மணலை நம்பியே இலங்கையில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. யாழ்ப்பாணத்தில் வல்லிபுரம், அம்பன் பக்கமும் அத்தகைய மணல் இருக்கிறது. எமது கிழக்குக் கரையிலேயே, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் ஆகியவை கருமணலாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் சீரியமும் இலந்தனமும் இருக்கின்றன. சீரிய ஒட்சைட்டுத்தான் உலகெங்கும் வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றப் பயன்படும் தூள். இலந்தனம் சேர்த்த கண்ணாடிதான் கமராவின் உயர்தர வில்லைகளுக்குப் போகிறது. புல்மோட்டை மணல் பல தசாப்தங்களாகக் கப்பலேறுகிறது, பெரும்பாலும் பிரித்தெடுத்த கனியமாக மட்டும்.

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே இரசாயனவியல் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு மணலிலிருந்து இரும்பை அகற்றுவது ஒரு பருவ ஆய்வாக அமையலாம். அதற்குப் பெரிய செலவில்லை. வில்லை வரை போகவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. இரும்பு எவ்வளவு இருந்தது, அமிலத்தில் எத்தனை மணி நேரம் ஊறியபின் எவ்வளவு மிஞ்சியது என்று அளந்து எழுதிவைத்தால் போதும். ஆத்மாராமின் சிவப்புக் கண்ணாடியும் இப்படியான அளவுக் குறிப்புகளில்தான் தொடங்கியது.

அவருடைய வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் சொல்லவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஹிந்தியில் விஞ்ஞானம் எழுதினார், மற்றவர்களையும் எழுதத் தூண்டினார். 1983 பெப்ரவரி 6இல் அவர் காலமானார். அவர் பெயரில் இந்தியாவில் வழங்கப்படும் ஆத்மாராம் விருது, கண்ணாடி செய்பவருக்கல்ல, ஹிந்தியில் விஞ்ஞானம் எழுதுவோருக்கே போகிறது. எமது பாடசாலைகளில் இன்றும் பிள்ளைகள் முறிவுச்சுட்டியைத் தமிழில்தான் படிக்கிறார்கள். என் மாணவியும் தன் கேள்வியைத் தமிழில்தான் கேட்டாள். அவள் இப்போது தானே ஓர் இரசாயனவியல் ஆசிரியை. சென்ற மாதம் சந்தித்தபோது இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அந்த நுணுக்குக்காட்டி இன்னும் அலுமாரியில் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தாள்.